ஊற்றுத் தண்ணீர்: கண்ணுக்குத் தெளிவு, வயிற்றுக்கு?



தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை, கோம்பாக்கிலிருந்து பெந்தோங் போகும் பழைய சாலை, சிரம்பானுக்கும் கோலாப்பிலாவுக்கும் இடையிலுள்ள புக்கிட் புத்துஸ் மலைப்பாதை போன்ற இடங்களில் போய் வந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பாறை இடுக்கில் யாரோ ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி வைத்திருப்பார்கள். தண்ணீர் இரவும் பகலும் கொட்டிக்கொண்டிருக்கும். சாலையோரம் மோட்டார் சைக்கிளும் காரும் வரிசையாக நிற்கும். டின், போத்தல், வாளி என்று கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு சனங்கள் தண்ணீர் பிடிப்பார்கள்.

"ஐஸ் மாதிரி இருக்கு, கற்கண்டு மாதிரி இருக்கு. குழாத் தண்ணியில அந்த மருந்து வாடை வருதே, இதுல ஒண்ணும் இல்ல" என்பார்கள். சிலர் வாரம் ஒரு நடை இதற்கென்றே போய் வருகிறார்கள். சிலர் இந்தத் தண்ணீர் குடித்தால் கல்லடைப்பு கரையும், சர்க்கரை வியாதி இறங்கும் என்றுகூட நம்புகிறார்கள். அப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை. வைத்தியர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு ஊற்று நீரை நம்புவது ஆபத்து.

வேறு வழியில்லாமல் ஊற்றுக்குப் போகிறவர்களும் உண்டு. 2014ஆம் ஆண்டில் சிலாங்கூரில் வாரக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்துச் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்ததால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன, பத்து இலட்சத்துக்கும் அதிகமான வீட்டு, கடை இணைப்புகளில் குழாய் நின்றது. அந்த மாதிரி நாள்களில் மலைத் தண்ணீரைத் தேடிப் போனவர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆகவே, "போகவே போகாதீர்கள்" என்று சொல்ல இந்தப் பகுதி வரவில்லை. போகிறவர் எதைப் பார்க்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டு வந்ததை என்ன செய்ய வேண்டும், யாருக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்பதை விளக்கமாகச் சொல்லப் போகிறோம்.

ஊற்று எப்படி உண்டாகிறது?

நம் தீபகற்பத்தின் முதுகெலும்பு போல நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல் மலை. மேலே இருக்கும் கல் ஆயிரமாயிரம் ஆண்டு வெயிலிலும் மழையிலும் உளுத்து மண்ணாகிவிட்டது. அதற்குக் கீழே உளுக்காத பாறை இருக்கிறது. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் மெல்ல மெல்ல இறங்கும். பாறை வந்ததும் மேற்கொண்டு இறங்க வழியில்லாமல் சரிவு பார்த்து ஓடும். எங்கே மலை தேய்ந்திருக்கிறதோ, எங்கே சாலை போடுவதற்காக மலையை வெட்டியிருக்கிறார்களோ, அங்கே அது வெளியே வரும். அதுதான் ஊற்று. சாலையோரத்திலேயே பல ஊற்றுகள் இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

மண் ஒரு வடிகட்டி என்பது உண்மை. பல அடி ஆழ மண்ணில் பல நாள், பல மாதம் ஊறி வரும் தண்ணீரில் சேறும் குப்பையும் தங்கிவிடும். கிருமிகளிலும் பெரும்பகுதி மண்ணில் ஒட்டிக்கொண்டு செத்துவிடும். ஆழத்திலிருந்து வரும் நல்ல ஊற்று சுத்தமாகவே இருக்கலாம்.

ஆனால் இந்த வடிகட்டியின் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. காப்பிக் கடையில் காப்பி வடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணிச் சாக்கில் சக்கை தங்கிவிடுகிறது, ஆனால் கறுப்பும் கசப்பும் மணமும் கீழே இறங்கிவிடுகின்றன. தண்ணீரில் கரைந்தது எதுவோ, அது துணியைத் தாண்டிப் போகும். மண்ணும் அப்படியே. சேற்றைப் பிடிக்கும், கரைந்துபோன உரத்தையும் சில மருந்துகளையும் பிடிக்காது. மண் மெல்லிசாக இருந்தாலோ, பாறையில் வெடிப்பு இருந்தாலோ கிருமிகூட நேராக வந்துவிடும்.

எல்லாக் குழாயும் ஊற்றுக் குழாய் அல்ல

சாலையோரத்தில் கொட்டுகிற தண்ணீரெல்லாம் ஊற்று என்று நினைப்பது தவறு. மேலே எங்கோ ஓடும் ஓடையில் ஒரு குழாயைப் போட்டுக் கீழே இழுத்துவிட்டிருப்பார்கள். பார்வைக்கு ஊற்றுப் போலவே இருக்கும். ஆனால் அது திறந்தவெளியில் ஓடி வந்த தண்ணீர். குரங்கு, காட்டுப்பன்றி, எலி எல்லாம் இறங்கிக் குடித்து, அசுத்தம் செய்த தண்ணீர்.

இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்ளச் சில வழிகள் உண்டு.

ஒன்று: நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். மழை பெய்ததும் தண்ணீர் கலங்கினால், அல்லது சட்டென்று அளவு கூடினால், மேலே ஓடுகிற நீர் அதில் கலக்கிறது. ஆழத்து ஊற்று மழைக்கு உடனே மாறாது.

இரண்டு: வறட்சியில் பாருங்கள். ஆழத்து ஊற்று மெதுவாகக் குறையும். மழை நின்ற சில நாளிலேயே வற்றிவிட்டால் அது மேல்மண் நீர்.

மூன்று: குழாயின் வாலைத் தேடுங்கள். பாறைக்குள் நுழைகிறதா, புதருக்குள் ஏறி மேலே போகிறதா? மேலே போனால் ஓடை நீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றிலும் தேறிய தண்ணீராக இருந்தாலும், அது சுத்திகரிக்கப்படாத பச்சைத் தண்ணீர் என்பதை மறக்க வேண்டாம்.

மேலே என்ன இருக்கிறது?

தண்ணீர் பிடிக்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது குழாயை அல்ல, குழாய்க்கு மேலே இருக்கும் மலையை. தண்ணீரின் யோக்கியதை அங்கேதான் தீர்மானமாகிறது.

மேலே அடர்ந்த காடு மட்டும் இருந்தால் ஆபத்து குறைவு. வீடு, கடை, தங்கும் விடுதி, முகாம் இருந்தால் கக்கூஸ் குழியும் இருக்கும். கழிப்பிடக் குழிக்கும் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கும் குறைந்தது 30 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது சுகாதாரத் துறையினர் பொதுவாகச் சொல்லும் கணக்கு. குழி மேலேயும் ஊற்று கீழேயும் இருந்தால் அந்த 30 மீட்டரும் போதாது.

மேலே காய்கறித் தோட்டம் இருந்தால் கோழி எரு, இரசாயன உரம், பூச்சி மருந்து மூன்றும் உண்டு. செம்பனையோ டுரியான் தோட்டமோ இருந்தால் உரமும் புல்லுக்கு அடிக்கும் மருந்தும் உண்டு. மருந்து அடிப்பது எப்படி, அது மழையில் எப்படி வழிந்து ஓடும் என்று நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பம்பைத் தோளில் மாட்டி நடந்தவர்கள் நாம். பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் மற்ற மருந்துகள் புழக்கத்தில் இருக்கின்றன.

இதில் தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. உரத்திலிருந்தும் எருவிலிருந்தும் நைட்ரேட் என்ற உப்பு தண்ணீரில் கரைகிறது. அதற்கு நிறமில்லை, வாடையில்லை. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் செய்யாது. ஆனால் ஆறு மாதம் ஆகாத பச்சைக் குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மாவு கலந்து கொடுத்தால், குழந்தையின் இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் சக்தியை இழக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். உயிருக்கே ஆபத்து வரலாம். ஒரு லிட்டரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருப்பது இந்தக் குழந்தைகளை நினைத்துத்தான்.

"நல்லாக் கொதிக்க வச்சுட்டேனே" என்று சொல்லலாம். கொதித்தால் கிருமிதான் சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சத் தண்ணீரில் அது இன்னும் கெட்டியாகும். ஆகவே கைக்குழந்தைக்கு ஊற்று நீர் வேண்டவே வேண்டாம். தாய்ப்பால் கொடுங்கள். பால்மாவுதான் என்றால் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கலக்குங்கள்.

"நேத்துக் குடிச்சேன், ஒண்ணும் ஆகலையே"

ஊற்று நீருக்குச் சாட்சி சொல்கிறவர்கள் எல்லாரும் சொல்வது இதைத்தான். ஆனால் நோய் அப்படி மறுநாளே கதவைத் தட்டுவதில்லை.

வாந்திபேதி என்ற காலரா சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் வரும். டைபாய்டு காய்ச்சல் வெளியே தெரிய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். தண்ணீரால் பரவும் ஒருவகை மஞ்சள் காமாலை இரண்டு முதல் ஏழு வாரம் வரைகூட உள்ளேயே இருந்துவிட்டு வரும். மாதத் தொடக்கத்தில் மலையிலிருந்து வரும் வழியில் குடித்த தண்ணீருக்கு மாதக் கடைசியில் கண் மஞ்சளாகிறது என்றால், யாருக்கு அந்த ஊற்று ஞாபகம் வரும்? "வெளியில எதையோ சாப்பிட்டுட்டான்" என்று பழியைச் சோற்றின் மேல் போட்டுவிடுகிறோம்.

ருசியும் சாட்சி ஆகாது. இதற்கு உலகம் அறிந்த ஒரு சம்பவம் உண்டு. 1854ஆம் ஆண்டு இலண்டன் நகரில் பிராட் ஸ்திரீட் என்ற தெருவில் ஒரு கைப்பம்பு இருந்தது. அதன் தண்ணீர் ருசி என்று அந்த வட்டாரத்தில் பெயர். அந்தத் தெருவில் முன்பு குடியிருந்த ஒரு விதவை, வேறு பகுதிக்குக் குடிபோன பிறகும் அந்த ருசியை விட முடியாமல் தினமும் வண்டியில் ஒரு போத்தல் தண்ணீர் வரவழைத்துக் குடித்து வந்தார். பம்பு நீரில் கழிவு கசிந்து காலரா கலந்தபோது, நோயே இல்லாத அந்தப் பகுதியில் அவர் மட்டும் செத்துப்போனார். அவர் வீட்டுக்கு வந்து அதே தண்ணீரைக் குடித்துவிட்டுப் போன உறவுக்காரப் பெண்ணும் இறந்தார். காலரா தண்ணீரில் பரவுகிறது என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வாதாடியதற்கு இந்த இரண்டு சாவும் பெரிய ஆதாரமாயின. பத்து நாளில் அந்த வட்டாரத்தில் 500 பேருக்கு மேல் மாண்டார்கள். பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

தூரத்திலிருந்து தேடி வந்து எடுத்துப்போன தண்ணீர், ருசியான தண்ணீர். அதுவே எமனாயிற்று!

இங்கே இன்னொரு கேள்வி வரும். "எங்க தாத்தா பாட்டி ஆத்துத் தண்ணியும் கிணத்துத் தண்ணியும் குடிச்சுத்தானே நூறு வயசு வாழ்ந்தாங்க?" வாழ்ந்தவர்களை நாம் பார்த்தோம், சரி. ஆனால் கித்தாத் தோட்டங்கள் திறந்த காலத்தில் மலேரியாவோடு வயிற்றுக்கடுப்பும் வாந்திபேதியும் சேர்ந்து எத்தனையோ தொழிலாளர்களைக் கொண்டுபோயின. பிறந்து தவழும் முன்னே போன குழந்தைகள் எத்தனை! அவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை, அவர்கள் கதையைச் சொல்ல ஆளுமில்லை. பிற்காலத்திலும் இந்த நோய்கள் நம் நாட்டை விட்டு ஓடிவிடவில்லை. 1996இல் பினாங்கில் காலரா பரவியது, 2005இல் கிளந்தானில் டைபாய்டு பரவியது.

டின் எங்கிருந்து வந்தது?

தண்ணீரைவிடச் சில சமயம் தண்ணீர் பிடிக்கும் கலனே பெரிய ஆபத்து. நம் வீடுகளில் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியாக வேண்டும்.

புல்மருந்து, பூச்சி மருந்து, அசிட் வந்த பிளாஸ்டிக் டின்கள் தோட்டத்தில் கிடக்கும். கெட்டியானவை, மூடி இறுக்கமானவை, காசில்லாமல் கிடைப்பவை. "சோப்புப் போட்டு மூணு தரம் கழுவிட்டேன், வாடையே இல்ல" என்று சொல்லி அதில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் உண்டு. பிளாஸ்டிக் அந்த மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விடும். மூன்று தரம் கழுவச் சொல்வது டின்னைப் பத்திரமாக ஒழிப்பதற்காக. குடிதண்ணீர் வைப்பதற்காக அல்ல. கழுவிய பின் ஓட்டை போட்டு, யாரும் திரும்ப எடுக்காதபடி ஒப்படைப்பதே முறை. மருந்து டின்னில் குடிதண்ணீர் ஒருநாளும், ஒருபொழுதும் வைக்கக்கூடாது. பெயிண்ட் வாளி, கறுப்பு எண்ணெய் டின் இவையும் அப்படித்தான்.

உணவுப் பொருள் வந்த கலன், அல்லது தண்ணீருக்கென்றே கடையில் விற்கும் கலன் மட்டுமே வாங்குங்கள். வாய் குறுகலாக, மூடியோடு இருக்கட்டும். வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு வாசனை சேர்க்காத வெள்ளைத்துணிக் குளோரின் ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, கலனுக்குள் ஊற்றி நன்றாகக் குலுக்கி, சில நிமிடம் வைத்திருந்து, நல்ல தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். உள்ளே வழுவழுவென்று பாசி பிடித்து, தேய்த்தும் போகாத கலனை வீசிவிடுங்கள்.

தண்ணீர் பிடிக்கும்போது குழாயின் வாயில் கை வைக்காதீர்கள். வீட்டில் எடுக்கும்போது குவளையை உள்ளே முக்காதீர்கள், சாய்த்து ஊற்றுங்கள். சுத்தமான தண்ணீரை அழுக்குக் கை கெடுப்பது அன்றாடம் நடக்கிற காரியம்.

கொதிக்க வைப்பது எப்படி?

கலங்கிய தண்ணீரானால் முதலில் தெளியவிட்டு, மேல் நீரை இறுத்து, சுத்தமான வெள்ளைத் துணியை நாலாய் மடித்து வடிகட்டுங்கள். பிறகு அடுப்பில் வையுங்கள். ஓரத்தில் சின்னக் குமிழி வந்ததும் இறக்குவது கொதிப்பு ஆகாது. மேலும் கீழுமாகத் தளதளவென்று கொதிக்க வேண்டும். அப்படி ஒரு நிமிடம் கொதித்தால் போதும், காலரா, டைபாய்டு, காமாலைக் கிருமிகள் எல்லாம் செத்துவிடும். மலை உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். கேமரன் மலையில் தானா ராத்தா சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் கொதிப்பது 95 டிகிரிக்குப் பக்கத்தில். அந்தச் சூடும் கிருமியைக் கொல்லப் போதுமானதே.

கொதித்த தண்ணீரை அதே பாத்திரத்தில் மூடி வைத்து ஆறவிடுங்கள். ஆற வைப்பதற்குப் பச்சைத் தண்ணீரையோ, பச்சைத் தண்ணீரில் செய்த ஐஸ் கட்டியையோ கலந்தால் பட்ட பாடு வீண். ஐஸ் பெட்டியில் கிருமி சாகாது, தூங்கும்.

கேஸ் தீர்ந்துபோனது, மின்சாரமும் இல்லை என்ற அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. கீறல் இல்லாத தெளிவான பிளாஸ்டிக் போத்தலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி, நல்ல வெயிலில் கூரைத் தகரத்தின் மேல் ஆறு மணி நேரம் படுக்க வையுங்கள். மேகமூட்டமானால் முழுதாக இரண்டு நாள் வேண்டும். மழை நாளில் இது பயன்படாது.

கொதிக்க வைப்பதால் கிருமி போகும். உரமும் மருந்தும் ஈயமும் போகாது என்பதை மேலே சொன்னோம். ஆகவேதான் மலையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கச் சொல்கிறோம்.

போகும் வழியிலும் நிற்கும் இடத்திலும்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 20 லிட்டர் டின் இரண்டை மோட்டார் சைக்கிளில் கட்டினால் 40 கிலோ. ஆடுகிற பாரத்தோடு மலை வளைவில் இறங்கும்போது பிரேக் பிடிக்காது. வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள். லாரி வருவது தெரியாது. பிள்ளைகளைச் சாலைப் பக்கம் நிற்க விடாதீர்கள்.

ஊற்றின் அடியில் தேங்கும் நீரில் செருப்பில்லாமல் இறங்காதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காலில் உள்ள சின்னப் புண் வழியே எலிக்காய்ச்சலைக் கொண்டு வரும். 2010ஆம் ஆண்டு பகாங்கில் லுபோக் யூ நீர்வீழ்ச்சிப் பகுதியில், நீரில் மூழ்கிய ஓர் இளைஞரைத் தேட இறங்கிய பலருக்கு எலிக்காய்ச்சலும் மண்ணிலுள்ள இன்னொரு கிருமியின் நோயும் கண்டு, சிலர் இறந்தே போனார்கள். உதவி செய்யப் போனவர்கள் அவர்கள்.

இன்னொன்று மண்சரிவு. 1995 ஜூன் 30ஆம் தேதி கெந்திங் மலைக்குப் பிரியும் சாலையில் மண் சரிந்து 20 பேர் மாண்டார்கள். 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியுமுன் பத்தாங் காலி அருகே ஒரு முகாமின் மேல் மலைச்சரிவு விழுந்து 31 பேர் மாண்டார்கள். ஊற்று இருக்கும் இடம் என்றாலே மண்ணுக்குள் தண்ணீர் ஓடும் இடம் என்று பொருள். எப்போதும் தெளிவாக வரும் ஊற்று திடீரென்று சேறாக வந்தால், சட்டென்று நின்றுபோனால், புதிய இடத்தில் நீர் பீறிட்டால், சின்னக் கற்கள் உருண்டு வந்தால், மரம் சாய்ந்து நின்றால், டின்னைப் போட்டுவிட்டு உடனே கிளம்புங்கள். அடைமழை நாள்களில் போகவே வேண்டாம்.

நோய் கண்டால்

வயிற்றுப்போக்கு கண்டதும் முதல் வேலை உடம்பில் இழந்த நீரைத் திரும்பக் கொடுப்பது. கிளினிக்கில் கிடைக்கும் உப்புக் கரைசல் பொட்டலம் சிறந்தது. அது கிடைக்கும்வரை வீட்டிலேயே கலக்கலாம்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு முக்கியம். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் கால் முதல் அரைக் கப், மேற்பட்ட பிள்ளைகளுக்கு அரை முதல் ஒரு கப். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். "வயித்தால போகுது, தண்ணி குடுக்காதே" என்ற பழைய பேச்சைக் கேட்காதீர்கள். அது பிள்ளையைக் கொல்லும் பேச்சு.

கண் குழி விழுந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால், கஞ்சித் தண்ணீர் போல வெளுப்பாகப் போனால், காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால், கண் மஞ்சளானால், காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்தால், காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கைக்குழந்தையின் உதடு நீலமானால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. டாக்டரிடம் கடந்த இரண்டு மாதத்தில் எந்த ஊற்றில், எந்த ஆற்றில் தண்ணீர் குடித்தீர்கள், குளித்தீர்கள் என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை இருக்க வேண்டாம்.

மருந்து வாடையும் நம் உரிமையும்

குழாய்த் தண்ணீரில் வரும் வாடை குளோரின். சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமியைக் கொன்ற பிறகும் அது கொஞ்சம் தண்ணீரிலேயே தங்கி, வழியில் புதுக் கிருமி நுழைந்தால் அதையும் கொல்லும். தோட்டத்து வாசலில் ஜாகாக்காரர் விடிய விடிய நிற்பது போல. ஊற்று நீருக்கு அந்தக் காவல் இல்லை. டின்னில் நுழைந்த ஒரு கிருமி ஒரு வாரத்தில் பெருகிவிடலாம். வாடை பிடிக்காவிட்டால் கொதிக்க வையுங்கள், அல்லது மூடியைக் கொஞ்சம் திறந்து சில மணி நேரம் வையுங்கள். வாடை போய்விடும்.

குழாயே இல்லை, இருந்தும் தண்ணீர் வரவில்லை, வந்தாலும் சேறாக வருகிறது என்றால்? அதற்கு மருந்து மலையில் இல்லை. தோட்ட நிர்வாகம் தொழிலாளிக்கு வீடு கொடுத்தால், பொதுக் குழாயிலிருந்து போதிய தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 446ஆவது சட்டம் சொல்கிறது. 1966ஆம் ஆண்டின் பழைய வீட்டுவசதிச் சட்டத்தை மாற்றி 1990இல் வந்தது அது. பின்னர் 2019இல் திருத்தப்பட்டது. நிர்வாகத்தின் தயவு என்று நினைத்துக் கேட்கத் தயங்க வேண்டாம்.

தண்ணீர் நின்ற தேதி, எத்தனை நாள், எத்தனை குடும்பம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சேறாக வந்தால் தெளிவான போத்தலில் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். சங்கம் நிர்வாகத்திடமும் தொழிலாளர் இலாகாவிடமும் கொண்டுபோகும். ஒருவர் சொன்னால் புகார், எல்லாரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் ஆதாரம்.

ஊற்று நீரைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் தெரிவியுங்கள். குடிதண்ணீரின் தரத்தைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் 1983இல் தொடங்கி நடந்து வருகிறது. குடிக்கும் தண்ணீரில் 100 மில்லிலிட்டருக்கு ஈ.கோலி என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது விதி. கண்ணால் பார்த்து அதைச் சொல்ல யாராலும் முடியாது. சோதனைக்கூடம்தான் சொல்லும்.

சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள்

1. குழாயைப் பார்க்கும் முன் மேலே மலையைப் பார். வீடோ தோட்டமோ இருந்தால் பிடிக்காதே.
2. மழைக்குப் பின் கலங்கும் தண்ணீரைப் பிடிக்காதே.
3. மருந்து வந்த டின்னைக் குடிதண்ணீருக்கு ஒருபோதும் வைக்காதே.
4. தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைக்காமல் குடிக்காதே.
5. கைக்குழந்தைக்கு ஊற்று நீர் கொடுக்காதே.
6. செருப்புப் போடு, வளைவில் நிறுத்தாதே, அடைமழையில் போகாதே.
7. வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் சும்மா இராதே. எழுது, சங்கத்தில் சொல்.

மலை கொடுக்கும் தண்ணீர் அவசரத்துக்கு உதவும். நல்ல தண்ணீர் வீட்டுக் குழாயில் வருவது நம் உழைப்புக்குச் சேர வேண்டியது. அவசரத்துக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, சேர வேண்டிய மற்றொன்றை விட்டுக்கொடுக்காதீர்கள்.